ஸ்பானியத்தில் பழங்கதை பேசுவது எப்படி: இம்பெர்ஃபெக்தோ காலத்துக்குத் தமிழ் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய மொழி படிப்பவர்கள் நிகழ்காலத்தை ஓரளவு தாண்டி, இறந்தகாலத்துக்கு வந்ததும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த மொழியில் நடந்ததைச் சொல்ல அன்றாடம் இரண்டு இறந்தகாலங்கள் வேண்டும். ஒன்று இந்தெஃபினீதோ: நடந்தது, முடிந்தது. இன்னொன்று இம்பெர்ஃபெக்தோ: அப்போது எப்படி இருந்தது, என்ன நடந்துகொண்டிருந்தது, வழக்கமாக என்ன செய்வோம். வீடு, ஊர், ஆள், வானிலை, வயது, சின்ன வயதுப் பழக்கம் என்று பழையதை விவரிக்கும் வேலையெல்லாம் இந்த இரண்டாவதன் தலையில்தான்.

நம்மில் பலர் இங்கிலீஷ் புத்தகத்தையோ ஆப்பையோ வைத்துத்தான் ஸ்பானியம் படிக்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. இங்கிலீஷில் ஒரு சாதாரண இறந்தகாலமே முக்கால்வாசி இடத்தில் போதுமானது. தமிழ் அப்படி இல்லை. 'போனோம்' என்றால் ஒரு தடவை போனோம். 'லீவு விட்டால் பாட்டி வீட்டுக்குப் போவோம்' என்றால் வருஷா வருஷம். 'போய்க்கொண்டிருந்தோம்' என்றால் பாதி வழியில் இருக்கிறோம். இந்தப் பிரிவினை நமக்கு யோசிக்காமலே வரும். ஆகவே இம்பெர்ஃபெக்தோவுக்கு இங்கிலீஷை ஓரமாக வைத்துவிட்டு, தமிழிலிருந்து நேராகப் போவதுதான் சுருக்கு வழி என்பது என் கட்சி. ஒரே ஒரு இடத்தில் தமிழும் காலை வாரும். அதையும் பார்ப்போம்.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பானியத்தில் 'பி', 'வி' என்ற இரண்டு எழுத்துக்கும் ஒலி ஒன்றுதான். எழுதும்போது வித்தியாசம் தெரியட்டும் என்று ப, வ எனப் பிரித்திருக்கிறேன். உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கு.

படி 1: வடிவத்தை முதலில் முடித்துவிடுங்கள்

இது சுலபமான பகுதி, சீக்கிரம் போய்விடலாம். ஸ்பானிய வினைச்சொற்கள் ஆர், ஏர், ஈர் என்று முடியும். ஆர் வகைக்கு ஒரு விகுதிக் கூட்டம், மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒன்று.

அப்லார் (பேசு): யோ (நான்) அப்லாபா, தூ (நீ) அப்லாபாஸ், எல் (அவன்) அப்லாபா, நொஸோத்ரோஸ் (நாங்கள்) அப்லாபாமோஸ், வொஸோத்ரோஸ் (நீங்கள்) அப்லாபாயிஸ், எயோஸ் (அவர்கள்) அப்லாபான்.

கொமேர் (சாப்பிடு): கொமீயா, கொமீயாஸ், கொமீயா, கொமீயாமோஸ், கொமீயாயிஸ், கொமீயான். விவீர் (வாழ்) என்பதும் இதே தடத்தில்: விவீயா, விவீயாஸ் என்று போகும்.

கவனிக்க வேண்டியவை சில. 'நான்', 'அவன்/அவள்' இரண்டுக்கும் ஒரே வடிவம். அதனால் ஆள் யார் என்று குழம்பும் இடத்தில் 'யோ', 'எயா' என்று எழுவாயை வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். வொஸோத்ரோஸ் பெரும்பாலும் ஸ்பெயினில்தான். மெக்சிகோ, கொலம்பியா, பெரு பக்கம் போகிறவர்கள் அந்த வரியை விட்டுவிடலாம். அர்ஜென்டினாவில் 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்' சொல்வார்கள். நிகழ்காலத்தில் அதற்குத் தனி வடிவம் உண்டென்றாலும் இம்பெர்ஃபெக்தோவில் இல்லை. வோஸ் அப்லாபாஸ், அவ்வளவுதான்.

கொமீயா என்பதில் 'மீ'யின் மேல் அழுத்தம் கொடுத்து, 'யா'வைத் தனி அசையாக விட வேண்டும். எழுத்தில் அந்த 'ஈ' மேல் எப்போதும் சாய்கோடு உண்டு. அப்லாபாமோஸ் என்பதில் அழுத்தம் 'லா' மேல். கடைசிக்கு முந்திய அசையில் அழுத்திப் பழகிய வாய் 'அப்லபாமோஸ்' என்று இழுக்கப் பார்க்கும், விடாதீர்கள்.

இன்னொரு நல்ல செய்தி. நிகழ்காலத்தில் உயிரெழுத்து மாறித் தொல்லை தரும் சொற்கள் இங்கே சாது. கியேரோ என்று மாறும் கெரேர் (விரும்பு), கெரீயா ஆகிறது. துவேர்மோ ஆகும் தொர்மீர் (தூங்கு), தொர்மீயா. ஹுவேகோ ஆகும் ஹுகார் (விளையாடு), ஹுகாபா. வேரில் எந்த மாற்றமும் கிடையாது.

விதிவிலக்கு மொத்தமே மூன்று. ஸேர் (ஆக இரு): ஏரா, ஏராஸ், ஏரா, ஏராமோஸ், ஏராயிஸ், ஏரான். ஈர் (போ): ஈபா, ஈபாஸ், ஈபா, ஈபாமோஸ், ஈபாயிஸ், ஈபான். வேர் (பார்): வெயீயா, வெயீயாஸ் என்று போகும். முதல் இரண்டும் லத்தீனின் எரம், ஈபம் என்பவற்றின் நேர் வாரிசுகள். மூன்றாவது, அந்தச் சொல் பழங்காலத்தில் 'வெயேர்' என்று இருந்ததன் மிச்சம். இந்தெஃபினீதோவில் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒழுங்கற்ற வினைகளின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று ஒரு பொருட்டே இல்லை.

படி 2: தமிழ் வாக்கியத்தில் நான்கு அடையாளங்கள்

சொல்ல வேண்டியதை முதலில் தமிழில், பேச்சில் வருகிற மாதிரியே மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். கீழே உள்ள நான்கில் ஒன்று தென்பட்டால் இம்பெர்ஃபெக்தோ.

முதல் அடையாளம், பழையதைப் பேசும்போதும் 'போவோம், சாப்பிடுவோம், வருவார்' என்று எதிர்கால வடிவில் வரும் வினை. தோதோஸ் லோஸ் வெரானோஸ் ஈபாமோஸ் ஆ காதிஸ்: ஒவ்வொரு கோடைக்கும் காதிஸுக்குப் போவோம். இங்கே 'போனோம்' என்று நாக்கில் வராது, கவனித்தீர்களா? அதுதான் சோதனை. 'வழக்கமாக' என்று அழுத்திச் சொல்ல ஸொலீயா என்று ஒரு துணைவினையும் இருக்கிறது: ஸொலீயாமோஸ் ஈர் ஆ காதிஸ். அதை வரிக்கு வரி போட்டால் படிக்கிறவர்களுக்கு அலுப்புத்தட்டும். இம்பெர்ஃபெக்தோவே பழக்கத்தைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, 'கொண்டிருந்த'. யோ தொர்மீயா குவாந்தோ ஸொனோ எல் தெலேஃபொனோ: நான் தூங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தூக்கம் தொர்மீயா, மணி அடித்தது ஸொனோ. இரண்டு காரியம் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டுமே இம்பெர்ஃபெக்தோ, நடுவில் மியென்த்ராஸ்: மியென்த்ராஸ் மி மாத்ரே கொஸினாபா, யோ லெயீயா. அம்மா சமைத்துக்கொண்டிருக்க, நான் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது: தமிழில் வினையே இல்லாத வாக்கியம். 'அப்போ எனக்கு எட்டு வயசு.' 'மணி மூணு.' 'அவங்க அப்பா டாக்டர்.' பழைய கதைக்குள் இப்படி வினையில்லாமல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இம்பெர்ஃபெக்தோ போடலாம். யோ தெனீயா ஓச்சோ ஆன்யோஸ். ஏரான் லாஸ் த்ரேஸ். ஸு பாத்ரே ஏரா மேதிகோ. வயதுக்கு தெனேர் (வைத்திரு) என்ற வினை, மணிக்கு ஸேர். மணி ஒன்று என்றால் மட்டும் ஒருமை: ஏரா லா ஊனா.

நான்காவது, தெரியும், பிடிக்கும், வேண்டும், முடியும் என்ற கூட்டம். ஸ்பானியப் பாடப்புத்தகங்கள் இதற்கென்று தனிப் பாடம் வைத்து, 'இந்தக் காலத்தில் பொருளே மாறும்' என்று பயமுறுத்தும். தமிழில் அந்த மாற்றம் ஏற்கெனவே இருக்கிறது. 'எனக்கு அப்பவே தெரியும்' என்றால் ஸபீயா. 'நேத்துதான் தெரிஞ்சது' என்றால் ஸூப்பே. 'சின்ன வயசுல மாம்பழம் ரொம்பப் பிடிக்கும்' என்றால் மெ குஸ்தாபா எல் மாங்கோ. 'படம் பார்த்தேன், பிடிச்சது' என்றால் மெ குஸ்தோ. 'அவளை எனக்கு முன்னாடியே தெரியும்' என்றால் லா கொனொஸீயா. 'லீமாவில் வைத்துத்தான் அவள் அறிமுகமானாள்' என்றால் லா கொனொஸீ என் லீமா. உம்-மில் முடிந்தால் இம்பெர்ஃபெக்தோ, 'தது'வில் முடிந்தால் இந்தெஃபினீதோ. இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவது இந்தக் கூட்டத்தில்தான்.

எதிர்மறையில் மட்டும் அந்தச் சுத்தம் கலைகிறது. 'முடியவில்லை' என்பது இரண்டுக்கும் வரும். முயன்று தோற்றால் நோ பூதே: நோ பூதே அப்ரீர் லா புவேர்த்தா, கதவைத் திறக்க முடியாமல் போயிற்று. அந்த நிலையிலேயே இருந்ததாகச் சொன்னால் நோ பொதீயா. அதேபோல நோ கெரீயா என்றால் மனமில்லை. நோ கீஸே என்றால் மாட்டேன் என்று மறுத்தாயிற்று.

படி 3: தமிழ் காலை வாரும் இடம்

இருந்தது. இந்த ஒரு சொல்தான்.

'வீடு பெரிதாக இருந்தது', 'குளிராக இருந்தது', 'விருந்து நன்றாக இருந்தது', 'மூன்று வருஷம் மத்ரீதில் இருந்தேன்.' தமிழில் நான்குக்கும் ஒரே வினை, ஒரே காலம். ஸ்பானியத்தில் முதல் இரண்டு இம்பெர்ஃபெக்தோ, அடுத்த இரண்டு இந்தெஃபினீதோ. லா காஸா ஏரா க்ராந்தே. அஸீயா ஃப்ரீயோ. ஆனால் லா ஃபியேஸ்தா எஸ்தூவோ முய் பொனீத்தா. விவீ த்ரேஸ் ஆன்யோஸ் என் மத்ரீத்.

எப்படிப் பிரிப்பது? வாக்கியத்தைக் கேட்கிறவர் எந்தக் கேள்வியோடு இருக்கிறார் என்று பாருங்கள். 'அப்போ எப்படி இருந்தது?' என்ற கேள்விக்குப் பதில் என்றால் இம்பெர்ஃபெக்தோ. 'அப்புறம் என்ன ஆச்சு?', 'மொத்தத்தில் எப்படி?' என்ற கேள்விகளுக்குப் பதில் என்றால் இந்தெஃபினீதோ. வீடு பெரிதாக இருந்தது என்பது கதை நடக்கும் இடம். அது எப்போது பெரிதாக ஆரம்பித்து எப்போது முடிந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. விருந்து நன்றாக இருந்தது என்பது முடிந்த ஒரு நிகழ்ச்சியைப் பின்னால் நின்று மொத்தமாக எடைபோடுவது.

இதோடு ஒட்டி இன்னொன்று. கால அளவு சொன்னால், அது எத்தனை நீளமானாலும், இந்தெஃபினீதோ. 'முப்பது வருஷம்' என்பதைக் கேட்டதும் இவ்வளவு நீளமாயிற்றே, இம்பெர்ஃபெக்தோ போடலாம் என்று கை போகும். நீளம் கணக்கில்லை, எல்லை கட்டியாயிற்றா என்பதே கணக்கு. விவீ த்ரேயின்தா ஆன்யோஸ் என் மத்ரீத். படி 2இன் 'கொண்டிருந்த' அடையாளமும் இங்கே ஏமாற்றும்: 'மூணு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தோம்' என்பதில் எல்லை இருக்கிறது. அது எஸ்துவீமோஸ் அப்லாந்தோ த்ரேஸ் ஓராஸ். அளவை எடுத்துவிட்டு, 'நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்' என்றால் மறுபடி அப்லாபாமோஸ்.

ஸியேம்ப்ரே (எப்போதும்), தோதோஸ் லோஸ் தீயாஸ் (தினமும்) போன்ற சொற்களைப் பார்த்ததும் இம்பெர்ஃபெக்தோ என்று அட்டவணை போட்டுத் தரும் புத்தகங்களை முழுக்க நம்ப வேண்டாம். ஸியேம்ப்ரே ஃபுவே அஸீ, 'எப்பவும் இப்படித்தான்', என்பது நல்ல ஸ்பானியம்தான்.

படி 4: ஒரு பத்தியைக் கட்டிப் பார்ப்போம்

மெக்சிகோவின் தெற்கே வஹாக்கா. நில அதிர்வு அங்கே பழகிய விஷயம். காலையில் சூடான சாக்லேட்டில் பான் தெ யேமா என்ற முட்டைமஞ்சள் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். பாட்டி வீட்டில் ஒரு காலை என்று வைத்துக்கொள்வோம்.

'எங்கள் பாட்டி வஹாக்காவில் இருந்தார். அவர் வீட்டில் பெரிய முற்றம், அதில் ஒரு காகிதப்பூச் செடி. தினமும் காலையில் சாக்லேட் போடுவார், நாங்கள் பான் தெ யேமா சாப்பிடுவோம். ஒருநாள் நிலம் ஆடியது. மணி ஏழு. பாட்டி சமையலறையில் இருந்தார், நான் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. யாரும் பேசவில்லை. கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆடியது. அப்புறம் பாட்டி உள்ளே திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார்.'

பாட்டி இருந்தார்: கதைக்குப் பின்னணி, அளவு இல்லை. மி அபுவேலா விவீயா என் வஹாக்கா. முற்றம், செடி: தமிழில் வினையே இல்லை. ஸு காஸா தெனீயா உன் பாத்தியோ க்ராந்தே கொன் ஊனா புகன்வீலியா. போடுவார், சாப்பிடுவோம்: முதல் அடையாளம். தோதாஸ் லாஸ் மன்யானாஸ் ப்ரெப்பராபா சொக்கொலாத்தே இ கொமீயாமோஸ் பான் தெ யேமா.

'ஒருநாள்' வந்ததும் கதை நகர ஆரம்பிக்கிறது: உன் தீயா தெம்ப்லோ. மெக்சிகோவில் நில அதிர்வுக்கு இந்த ஒற்றை வினையே போதும், எழுவாய் தேவையில்லை. உடனே கதை நின்று சுற்றிலும் பார்க்கிறது: ஏரான் லாஸ் ஸியேத்தே. மி அபுவேலா எஸ்தாபா என் லா கொஸீனா. யோ ஹுகாபா என் எல் பாத்தியோ. மறுபடி நகர்கிறது: ஸலீமோஸ் தோதோஸ் ஆ லா காயே. மறுபடி நின்று பார்க்கிறது: லோஸ் பெர்ரோஸ் லத்ராபான். நாதியே அப்லாபா.

இந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'யாரும் பேசவில்லை' என்பதில் தமிழ் எந்தக் குறிப்பும் தரவில்லை. நாதியே அப்லோ என்று இந்தெஃபினீதோவில் போட்டாலும் இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் மாறும்: யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்த்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்லாபா என்றால், தெருவில் நாம் நிற்கும்போது நம்மைச் சுற்றி இருக்கும் மௌனம். பல இடங்களில் எது சரி என்று விதி தீர்ப்பு சொல்லாது. எழுதுகிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதுதான் தீர்மானிக்கும்.

அடுத்தது அளவு கட்டிய வாக்கியம்: எல் தெம்ப்லோர் துரோ காஸி உன் மினூத்தோ. கடைசியில் அடுத்தடுத்து இரண்டு செயல்: லுவேகோ மி அபுவேலா வொல்வியோ ஆ லா கொஸீனா இ அப்பகோ லா எஸ்தூஃபா. எஸ்தூஃபா என்றால் மெக்சிகோவில் அடுப்பு. ஸ்பெயினில் அதே சொல் குளிர்காய வைக்கும் ஹீட்டர். மத்ரீதில் இந்தக் கதையைச் சொன்னால் பாட்டி எதை அணைத்தார் என்று ஒருகணம் புருவம் உயரும்.

படி 5: விவரிப்பைத் தாண்டிய சில வேலைகள்

'இருந்தது, இருந்தன' என்று ஒரு இடத்தில் உள்ளவற்றைச் சொல்ல அபீயா. இது பன்மையிலும் மாறாது: அபீயா முச்சா ஹேந்தே (நிறையப் பேர் இருந்தார்கள்), அபீயா முச்சாஸ் காஸாஸ் (நிறைய வீடுகள் இருந்தன). லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் பேச்சில் 'அபீயான்' என்று காதில் விழும். பரீட்சையில் எழுதினால் தவறு. கதை தொடங்கும் 'ஒரு ஊரில்' என்பதும் இதுவே: அபீயா ஊனா வேஸ். ஏராஸே ஊனா வேஸ் என்பதும் உண்டு.

செய்ய நினைத்து நடக்காமல் போனதற்கு ஈபா ஆ: தெ ஈபா ஆ யமார், 'உனக்கு போன் பண்ணலாம்னு இருந்தேன்.' பெரும்பாலும் பின்னால் ஒரு 'ஆனா' வரும்.

மரியாதைக்கும் இந்தக் காலம் வரும். கடையில் 'கியேரோ உன் கஃபே' என்றால் 'காபி வேணும்' என்று மேஜையைத் தட்டுகிற மாதிரி. கெரீயா உன் கஃபே என்றால் தணிந்த குரல். 'கெரீயாவா? இப்போ வேண்டாமா?' என்று கேட்டுத் தாங்களே சிரித்துக்கொள்ளும் பரிமாறுபவர்கள் ஸ்பெயினில் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஜோக்குக்கு வயதாகிவிட்டது.

குழந்தைகள் விளையாட்டுக்கு வேஷம் பிரிப்பதும் இதில்தான். 'நான்தான் போலீஸ், நீ திருடன்' என்பது யோ ஏரா எல் பொலிஸீயா இ தூ ஏராஸ் எல் லத்ரோன். வினையில்லாத தமிழ் வாக்கியம் இங்கேயும் தலைகாட்டுகிறது.

பத்திரிகையில் மட்டும் ஒரு விசித்திரம் காண்பீர்கள்: என் அப்ரீல் தெ 1616 மொரீயா செர்வாந்தேஸ் என் மத்ரீத், '1616 ஏப்ரலில் எழுத்தாளர் செர்வாந்தேஸ் மத்ரீதில் இறந்தார்.' இறப்பு ஒருமுறை நடந்து முடிவது, இருந்தும் இம்பெர்ஃபெக்தோ. செய்தி நடைக்காகச் செய்யும் அலங்காரம் அது. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எழுத வேண்டியதில்லை.

மெக்சிகோ பள்ளிப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் இம்பெர்ஃபெக்தோ என்ற பெயரே இருக்காது, கொப்ரெத்தேரிதோ என்றிருக்கும். வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பேயோ, அமெரிக்கக் கண்டத்தாருக்கென்று 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் வைத்த பெயர் அது. 'இன்னொரு இறந்தகாலத்தோடு கூடவே நிகழ்வது' என்று பொருள். எனக்குக் கேட்டால் இதுதான் பொருத்தமான பெயர்.

படி 6: கையோடு பயிற்சி

ஐந்து வாக்கியம். ஸ்பானியத்தை மறைத்துக்கொண்டு, எந்தக் காலம் என்று மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள்.

'தாத்தாவுக்குக் காபி பிடிக்காது.' உம் கூட்டத்தின் எதிர்மறை, நிலை: ஆ மி அபுவேலோ நோ லெ குஸ்தாபா எல் கஃபே.

'நேற்று முழுக்க மழை.' வினை இல்லை, மூன்றாம் அடையாளம் என்று கை போகும். ஆனால் 'முழுக்க' எல்லை கட்டிவிட்டது: அயேர் யொவியோ தோதோ எல் தீயா.

'நாங்கள் வெளியே வந்தபோது மழை.' எல்லை இல்லை: குவாந்தோ ஸலீமோஸ், யொவீயா.

'அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், தினமும் பேசுவோம்.' ஏரா மி வெஸீனோ இ அப்லாபாமோஸ் தோதோஸ் லோஸ் தீயாஸ்.

'பரீட்சை கஷ்டமாக இருந்தது.' இது இரண்டு விதமாகவும் வரும். எழுதி முடித்து வெளியே வந்து நண்பரிடம் சொன்னால் எல் எக்ஸாமென் ஃபுவே திஃபீஸில். 'பரீட்சை கஷ்டமாக இருந்தது, மணியும் ஓடிக்கொண்டிருந்தது, அப்போது பார்த்து என் பேனா நின்றுவிட்டது' என்று கதைக்குள் நின்று சொன்னால் எல் எக்ஸாமென் ஏரா திஃபீஸில். பேனா நின்றதற்கு மட்டும் இந்தெஃபினீதோ.